பந்து கேட்டுப் போன அப்பா

என்ர அப்பா எனக்குப் பந்து கேட்டு வட லண்டன் எட்மண்டனில இருந்து தென் லண்டன் சட்டனுக்குத் தட்டத்தோட போன மனுசன். சம்பந்தம் பேசப் போற மாதிரி. பழம், பலகாரம், கேக், நடுவில நிமிர்ந்து நிக்கிற ஒரு அன்னாசி. இதை எத்தினை தரம் சொன்னாலும் எனக்கு விசர் வரும், சொல்லாமல் இருக்கவும் ஏலாது. அதால முதலில இருந்து சொல்லுறன், குறுக்க ஒருத்தரும் கதைக்கக் கூடாது.

நான் யனுஷன். வட லண்டனில ஒரு பல்கலைக்கழகத்தில ரண்டாம் வருசம் படிக்கிறன். படிக்கிறன் எண்டு அம்மாவுக்குச் சொல்லுறனான். உண்மையில நான் அங்க ஃபுட்போல் விளையாடுறன். காலால அடிக்கிற விளையாட்டு எண்டு நினைக்க வேண்டாம், இது அமெரிக்கன் ஃபுட்போல். பேரில மட்டும்தான் கால் இருக்கு, மிச்சமெல்லாம் கையும் தோளும் அடிபாடும்தான். தலையில ஹெல்மெட், தோளில பிளாஸ்ரிக் கூடு. முதல் தரம் அந்தக் கோலத்தில என்னைக் கண்ட அம்மா, உனக்கு வேற வேலை இல்லையோ எண்டு கேட்டிட்டுச் சோறு போடப் போயிட்டா.

விளையாட்டைப் பற்றி வகுப்பு எடுக்கப் போறேல்லை, ஒண்டு மட்டும் விளங்கினாப் போதும். ஒருத்தன் பின்னால நிண்டு பந்தை எறிவான், அவன் குவாட்டர்பாக். நாங்கள் கொஞ்சப் பேர் முன்னால ஓடுவம், நாங்கள் ரிசீவர்கள், பந்தை வாங்கிற ஆக்கள். எந்தப் பக்கத்தால ஓடவேணும், எந்த இடத்தில திரும்பவேணும் எண்டு முதலே பேசி வைச்சிருக்கும். பகிடி என்னெண்டா, நான் திரும்பிப் பாக்க முதலே அவன் எறிஞ்சு போடுவான். எறியேக்க அந்த இடத்தில ஒருத்தரும் இல்லை, வெறும் புல்லுத்தான். நான் அங்க வந்து சேருவன் எண்டு அவன் நம்பவேணும். பந்து அங்க வரும் எண்டு நான் நம்பவேணும். நடுவில எங்களை இடிச்சு விழுத்திறதுக்கெண்டே எருமைமாடு மாதிரிப் பெடியள் நிப்பாங்கள்.

பந்து ஒண்டு, ஓடுறவங்கள் கனபேர். அப்ப மிச்சப் பேர் என்னத்துக்கு ஓடுறாங்கள் எண்டு கேப்பியள். ஏமாத்திறதுக்குத்தான். பந்து எனக்குத்தான் வருகுது எண்ட மாதிரி நான் உயிரைக் குடுத்து ஓடினா, என்னைப் பிடிக்க ரண்டு பேர் வருவாங்கள். அப்ப அங்கால ஒருத்தன் தனிய நிப்பான். அவனுக்குப் பந்து போகும். கைதட்டும் அவனுக்குத்தான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வரவேணும். ரிசீவரின்ர வேலையில முக்கால்வாசி இதுதான்.

ஆருக்கு எறியிறது எண்டு முடிவெடுக்கிறது குவாட்டர்பாக். கண்ணை மூடித் திறக்க முதல் முடிவெடுக்க வேணும். எங்கட குவாட்டர்பாக் றூபன். சட்டனில இருக்கிற எமில்டா அன்ரியின்ர மகன். எங்கட ரீமில தமிழர் எண்டா அவனும் நானும்தான். ரீமுக்குப் பேர் ஹெரன்ஸ், அதாவது கொக்குகள். அந்தக் கொக்குக் கூட்டத்தில உயரமான கொக்கு ஒலு எண்ட பெடியன், அவனும் ரிசீவர்தான். கையை நீட்டினான் எண்டா தெருவிளக்கு மாத்தலாம். வாற பந்தில கனக்க அவனுக்குத்தான் போகும். எனக்கு இந்தப் படிப்பு வருசத்தில மாசி வரைக்கும் வந்தது ஒண்டே ஒண்டு. ஒக்ரோபரில, நல்ல மழைக்குள்ள. நான் திரும்பினன், பந்து என்ர நெஞ்சுக்கு நேர வந்து நிக்குது. அந்தச் சந்தோசத்தில மூண்டு நாள் நித்திரை வரேல்லை.

பேந்து ஒண்டும் வரேல்லை. அதுக்காக நான் றூபனோட கோவிக்கேல்லை, அதுதான் முக்கியம். அவன் ஒருத்தனுக்கும் முகம் பாத்து எறிய மாட்டான். கோச்சின்ர மகன் போன வருசம் எங்களோட விளையாடினவன், அவனுக்கே எறிய மாட்டான். எங்கட ஆக்களின்ர வாழ்க்கையில எல்லாம் ஆளைப் பிடிச்சுத்தான் நடக்கும். கலியாண ஹோல் எடுக்க ஒரு அண்ணை, கார் திருத்த ஒரு மாமா, கோயிலில நல்ல நாள் பிடிக்க ஒரு ஐயா. எனக்கு இந்த ஒரு இடத்திலதான் ஆள் இல்லை. எனக்குப் பந்து வரேல்லை எண்டா நான் இன்னும் அந்தளவுக்கு வரேல்லை. வந்தா, வந்திட்டன். றூபன் எறியிறதை வைச்சு நான் என்னை அளக்கலாம். அந்த நம்பிக்கையிலதான் சேத்துக்குள்ள விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன்.

அதிலதான் அப்பா கைவைச்சவர்.

அப்பாவுக்குப் பேர் கனகலிங்கம். ஜேர்மனியில இருக்கேக்கயே கலியாண வீடியோ எடுத்தவர், நான் சின்னனா இருக்கேக்க லண்டனுக்கு வந்தும் அதே வேலைதான். லிங்கம் வீடியோ எண்டு எட்மண்டனில கேட்டா ஆரும் காட்டுவினம். கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள், எதெண்டாலும் வருவார். மாசியில ஒரு நாள், எங்கட மச்சையும் எடுக்கிறன் எண்டு கமராவோட வந்து நிண்டார். எனக்குச் சந்தோசம்தான். அண்டைக்கு நாங்கள் வெண்டனாங்கள், ஒலு நல்லா விளையாடினவன், வீடியோ நல்லா வரும் எண்டு நினைச்சன்.

வீட்டில போட்டுப் பாத்தா முழு வீடியோவிலயும் நான். நான் மட்டும்தான். கலியாண வீட்டில பொம்பிளையை விட்டு கமராவை எடுக்காத மாதிரி, அப்பா என்னை விட்டுக் கமராவை எடுக்கேல்லை. நான் ஓடுறன், நிக்கிறன், திரும்பி வாறன். தண்ணி குடிக்கிறதை சுலோமோசனில போட்டிருக்கு. பின்னால சனம் ஆரவாரம் பண்ணுது, எதுக்கெண்டு தெரியாது. ஆர் பந்தைப் பிடிச்சது, ஆர் வெண்டது, ஒண்டும் இல்லை. நான் சிரிச்சுச் சிரிச்சுக் கதிரையால விழப் போனன். அப்பா சிரிக்கேல்லை. ரீவியையே பாத்துக்கொண்டிருந்து போட்டு, உனக்கு ஒருத்தனும் பந்து தரேல்லையே எண்டு கேட்டார்.

நான் ஏலுமான மட்டும் விளங்கப்படுத்தினன். ஏமாத்த ஓடுறது, ஆளை இழுக்கிறது, எல்லாம் சொன்னன். அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினா விளங்கேல்லை எண்டு அர்த்தம், எனக்குத் தெரியும், எண்டாலும் விட்டிட்டன். ஆர் எறியிறது, தமிழ்ப் பெடியனோ, தாய் தகப்பன் ஆர், எங்க இருக்கினம் எண்டு மட்டும் மெல்லக் கேட்டார். நானும் விசரன் மாதிரி எல்லாத்தையும் சொன்னன்.

அடுத்த சனிக்கிழமை மனுசன் அப்டன் பார்க் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுத் தட்டம் வாங்கியிருக்கிறார். சும்மா தட்டம் இல்லை, கலியாண வீட்டில கமராவைக் கிட்டப் பிடிச்சு எடுக்கிற பூவேலைத் தட்டம். அதில பழத்தை அடுக்கி, மேல கண்ணாடிப் பேப்பர் சுத்தி, கோட்டும் போட்டுக்கொண்டு, முழு லண்டனையும் கடந்து எமில்டா அன்ரியின்ர கதவைத் தட்டியிருக்கிறார். எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை. இனிச் சொல்லப்போறது எல்லாம் பிறகு ரண்டு பக்கத்தாலயும் எனக்கு வந்து சேந்த கதை.

எமில்டா அன்ரி கவுன்சிலில வேலை செய்யிற மனுசி, நல்ல தைரியம். ஆனா கோட்டுப் போட்ட தமிழ் மனுசன் தட்டத்தோட வாசலில நிண்டா என்ன நினைக்கிறது? அவவுக்கு அனிற்றா எண்டு ஒரு மகளும் இருக்கிறா. அன்ரி உள்ள கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி போட்டுக் குடுத்திருக்கிறா. அப்பாவும் நேர விசயத்துக்கு வரேல்லை, வந்தா மரியாதை இல்லையே. என்ர மகன் குடிக்க மாட்டான், சிகரெட் தொட மாட்டான், பெரியாக்களுக்கு மரியாதை எண்டு அரை மணித்தியாலம் என்னைப் புகழ்ந்திருக்கிறார். கடைசியில அன்ரி, அண்ணை நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள், அதோட மகள் இன்னும் படிச்சு முடிக்கேல்லை எண்டு மெல்லச் சொல்லியிருக்கிறா. அப்பா திடுக்கிட்டுப் போய், நான் மகளைக் கேட்டு வரேல்லைத் தங்கச்சி, பந்து கேட்டெல்லோ வந்தனான் எண்டு சொன்னாராம். அனிற்றா மேல் மாடியில நிண்டு எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவ. அவவைக் கண்டா இப்பவும் எனக்கு முகம் குடுக்க ஏலாமல் கிடக்கு.

அதோட நிப்பாட்டியிருக்கலாம். நிப்பாட்டேல்லை. ஜேர்மனியில நான் சின்னப் பள்ளிக்கூடத்தில படிக்கேக்க, விளையாட்டுக்கு ஆள் பிரிக்கிற நேரம் கடைசியா மிஞ்சிறது நான்தான். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்து வான் வண்டிக்குள்ள இருந்து அதைப் பாத்திருக்கிறார். ஒருநாள் இல்லை, கனநாள். அதை எனக்கு ஒருக்காலும் சொன்னதில்லை, சட்டனில போய் எமில்டா அன்ரிக்குச் சொல்லியிருக்கிறார். இஞ்சயும் அவன் சும்மாதான் ஓடுறான் தங்கச்சி, என்னால பாக்க ஏலாமல் கிடக்கு எண்டு சொல்லிக் கண் கலங்கினவராம். இதைக் கேட்டாப் பிறகு அந்த மனுசனோட நான் எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?

ஆனா பாருங்கோ, தட்டத்தை வாங்கியாச்சு. வாங்கின தட்டத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கக் கூடாது எண்டு எங்கட சனத்துக்கு ஒரு முறை இருக்கெல்லோ. எதையாவது போட்டுத்தான் குடுக்கவேணும், ஒண்டும் இல்லாட்டிக் கொஞ்சம் சீனியாவது. எமில்டா அன்ரிக்கு அந்த விசயத்தில சரியான பிடிவாதம். என்ன போடுறது எண்டு அவ யோசிச்சுக்கொண்டு இருக்கேல்லை. இரவு றூபன் பகுதிநேர வேலையால வர, தட்டத்தை மேசையில வைச்சு, அந்த மனுசனுக்கு இதுக்குள்ள போட்டுக் குடுக்க ஒண்டு இருக்கு, அது உன்ர கையிலதான் இருக்கு எண்டு சொல்லிப்போட்டா.

இப்ப மச்சுக்கு வாறன்.

பங்குனியில கடைசி மச். வெண்டா மேல் பிரிவுக்குப் போகலாம், தோத்தா இருந்த இடம்தான். எங்கட மைதானத்தில நடந்தது. காலமை போய் உடுப்பு மாத்தி வெளியில வந்தா எட்மண்டனில பாதி வந்து நிக்குது. அப்பா எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திட்டார். மடக்குக் கதிரை, பிளாஸ்க், கம்பளி. கலியாணத்துக்கு ட்ரோன் பறக்க விடுற நிர்மலன் அண்ணை வேற. சேலைக்கு மேல குளிர்கோட்டுப் போட்ட அன்ரிமார் வரிசையா இருக்கினம். கோச் என்னைக் கூப்பிட்டு, இதில ஏதும் சமயச் சடங்கு நடக்கப் போகுதோ எண்டு கேட்டான். என்ர குடும்பம் எண்டு சொல்ல, எல்லாருமோ எண்டான்.

ஆட்டம் தொடங்கினது. முதல் எறிகையே எனக்கு. நான் ஓடி, வெட்டித் திரும்ப, பந்து கைக்குள்ள வந்து விழுந்தது. பிடிச்சிட்டன். பிடிச்சு ஒரு ஆளையும் ஏமாத்திப் போட்டுத்தான் விழுந்தனான். எட்மண்டன் பக்கம் எழும்பி நிண்டு விசில் அடிக்குது. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேல்லை. வந்திட்டனடா, ஒரு மாதிரி வந்து சேந்திட்டன் எண்டு எனக்குள்ளயே சொன்னன். அந்த நிமிசத்தை நினைச்சாத்தான் இப்பவும் வயிறு எரியுது.

கொஞ்ச நேரத்தால திரும்பவும் எனக்கு. இந்த முறை ஒருத்தன் என்ர முதுகில ஒட்டிக்கொண்டு நிண்டவன். பந்து மேல போய், குழந்தைக்குச் சோறு தீத்திற மாதிரி ஆறுதலா வருகுது. றூபன் அப்பிடி எறியிற ஆளே இல்லை. முதுகில ஒட்டிக்கொண்டு நிண்டவன் பந்தைத் தட்டிவிட்டான். அங்கால பாத்தா ஒலு தனிய நிண்டு கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிறகும் எனக்கு, அதுவும் என்னைச் சுத்தி ரண்டு பேர் நிக்கேக்க. அந்தப் பந்தை மற்ற ரீம்காரன் பறிச்சு, முழு மைதானமும் ஓடிப்போய்ப் புள்ளி எடுத்திட்டான். ஒலு ஹெல்மெட்டைக் கழட்டி நிலத்தில எறிஞ்சான். றூபன் என்ர முகத்தைப் பாக்கேல்லை. எட்மண்டன் பக்கம் மட்டும் இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கு. பந்து என்ர பக்கம் வந்தாலே அவைக்குப் போதும்.

இடைவேளைக்குத் தண்ணி குடிக்க ஓரத்துக்குப் போனன். அப்பாவுக்குப் பக்கத்தில எமில்டா அன்ரி நிக்கிறா. கையில ஒரு பூவேலைத் தட்டம், நிறைய மட்டன் ரோல்ஸ். அன்ரி தட்டத்தை அப்பாவிட்டக் குடுத்துச் சொன்னா:

"அண்ணை, வெறுந்தட்டம் தரேல்லை. ரோல்ஸும் இருக்கு, பெடியனுக்குப் பந்தும் வந்திட்டுதெல்லோ. எங்கட பக்கத்து முறை செய்தாச்சு."

அப்பா என்னைக் கண்டிட்டு முகம் முழுக்கச் சிரிப்போட, எல்லாத்தையும் சொன்னார். சட்டனுக்குப் போனதை, தேத்தண்ணி குடிச்சதை, எல்லாம். பெரிய கெட்டித்தனம் செய்த மாதிரி சொன்னார். எனக்கு உள்ளங்காலில இருந்து உச்சி வரைக்கும் எரிஞ்சுது. சொந்தக்காரர் முழுப்பேரும் ரோல்ஸ் கடிச்சுக்கொண்டு என்னைப் பாக்கினம். அதுக்குள்ள அப்பாவை நான் என்னெண்டு ஏசுறது? திரும்பி நேர றூபனிட்டப் போனன்.

அவன் தனிய இருந்து விரலில சுத்தின பிளாஸ்ரரைக் கழட்டிக்கொண்டிருந்தான். நான் ஏசினன். எனக்குத் தெரிஞ்ச தமிழ், இங்கிலிஷ், ஜேர்மன் எல்லாத்திலயும் ஏசினன். எங்கட மற்றக் கொக்குகள் எல்லாம் தள்ளிப் போய் நிண்டுதுகள். அவன் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னான். தாய் இந்தக் கிழமை முழுக்க ஒரே பாட்டாம், சாப்பாட்டுக்கு இருந்தாப் பந்து, படுக்கப் போனாப் பந்து. தன்னால ஏலாமல் போச்சு எண்டான். உன்ர அப்பா அழுததைச் சொல்லிச் சொல்லி என்ர உயிரை எடுத்துப் போட்டா எண்டான். எல்லாத்தையும் கேட்டிட்டு நான் ஒண்டு மட்டும் கேட்டன்.

"முதல் பந்து? அது எனக்கு வந்ததோ, அப்பாவுக்கு வந்ததோ?"

றூபன் கழட்டின பிளாஸ்ரரைக் கைக்குள்ள உருட்டினான்.

"சொல்லேலாது மச்சான். நீ நல்ல இடத்திலதான் நிண்டனீ. ஆனா நான் வடிவாப் பாக்காமல் எறிஞ்சிட்டன்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன். அந்த ஒரு வசனத்தில எனக்கு எல்லாம் போச்சு. இனி எந்தப் பந்து வந்தாலும் இது நான் ஓடின ஓட்டத்துக்கோ, அன்னாசிப் பழத்துக்கோ எண்டு தெரியாது. ஒக்ரோபர் பந்தையும் சந்தேகப்பட்டன், அண்டைக்கு அப்பா ஆரெண்டே அவனுக்குத் தெரியாது, எண்டாலும் சந்தேகப்பட்டன். மனம் அப்பிடித்தானே. நான் அவனுக்குச் சொன்னன், இனி எனக்காக எண்டு எறிஞ்சியெண்டா கையை எடுத்து முதுகுக்குப் பின்னால கட்டிக்கொண்டு நிப்பன். அப்ப தோப்பம் எண்டான். தோப்பம் எண்டன்.

ரண்டாம் பாதியில அவன் எனக்கு எறியேல்லை. ஒலுவுக்கு எறிஞ்சான், மற்றவைக்கு எறிஞ்சான், புள்ளியில மெல்ல மெல்ல எட்டிப் பிடிச்சுக்கொண்டு வந்தம். நானும் ஓடினன். கோவத்தில ஓடினன். என்னை மறிக்கிற மற்ற ரீம் பெடியன், உனக்கு என்ன பிரச்சினை எண்டு என்னைக் கேக்கிற அளவுக்கு ஓடினன். ஆனா உள்ளுக்குள்ள நிம்மதி இல்லை. எறியாமல் விடுறதும் நான் ஏசினதாலயோ எண்டு யோசிச்சன். எறிஞ்சாலும் தெரியாது, எறியாட்டிலும் தெரியாது. எங்கட அப்பா ஒரு தட்டத்தால என்னை அந்த நிலைக்குக் கொண்டு வந்து விட்டிருந்தார்.

முடியிற நேரம் நாங்கள் நாலு புள்ளி பின்னுக்கு. இன்னும் ஒரே ஒரு எறிகைக்குத்தான் நேரம் இருக்கு. மைதானத்தின்ர கடைசிக் கோட்டுக்கு அங்கால ஆராவது பந்தைப் பிடிச்சா ஆறு புள்ளி, வெண்டிட்டம், பிடிக்காட்டி வீட்டை போகவேண்டியதுதான். எல்லாரும் தலையைக் குனிஞ்சு வட்டமா நிண்டம். றூபன் இங்கிலிஷில எல்லாருக்கும் சொன்னான். நான் இடப்பக்கத்தால ஆழமா ஓடி மூலைக்குத் திரும்பவேணும், ஒலு குறுக்கால வலப்பக்கம் போவான். முதல் என்னைத்தான் பாப்பான், பிறகு ஒலுவை. சொல்லி முடிச்சிட்டு என்னை நேர பாத்தான், அண்டைக்கு முதல் தரம். பிறகு தமிழில சொன்னான்.

"நீ சொன்னதும் இல்லை, அம்மா சொன்னதும் இல்லை. நான் பாப்பன், பாத்து எறிவன். ஓடு."

நான் ஓம் எண்டன்.

ஓடினன். என்ர சீவியத்தில அப்பிடி ஓடினதில்லை. எனக்கு முன்னால நிண்டவனை உள்ளுக்குப் போற மாதிரிக் காட்டி வெளியால வெட்டினன். அவன் தடுமாறிப் போனான். பின்னுக்கு நிண்ட மற்றவன் அதைக் கண்டிட்டு ஒலுவை விட்டிட்டு என்ர பக்கம் வாறான். அவனுக்கும் நான் ஒரு அடி முன்னால. மூலைக்கு வந்தன், திரும்பினன், ரண்டு கையையும் விரிச்சன். நான் தனிய நிக்கிறன். எட்மண்டன் முழுக்க எழும்பி நிக்குது, தலைக்கு மேல ட்ரோன் குளவி மாதிரி இரையுது. அங்க றூபன் கையை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறான். கண்ணுக்குக் கண். என்னைக் காணாமல் விட்டவன் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது, வடிவாக் கண்டவன்.

கண்டிட்டு, தோளைத் திருப்பி அங்கால எறிஞ்சான்.

அதே நேரம் பின்னால வந்தவன் என்னை இடிச்சு விழுத்திப்போட்டான். பந்து எனக்கில்லை எண்டு அவனுக்கு அப்ப தெரியாது. மல்லாக்க விழுந்து சேத்துக்குள்ள கிடக்கிறன், காது அடைச்சுப் போச்சு. பிறகு சத்தம் கேட்டுது. வலப்பக்கம் கோட்டுக்கு அங்கால ஒலு பந்தை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், அவனைச் சுத்தி ஒரு குருவி இல்லை. எங்கட ரீம் முழுக்க அவனுக்கு மேல பாயுது. வெண்டிட்டம்.

எட்மண்டன் பக்கத்துக்கு இது தெரியாது. அவையளின்ர கண் முழுக்க என்னில. நான் வெறுங்கையோட விழுந்ததைக் கண்டிட்டு, ஐயோ எண்டு நாடியில கைவைச்சுக்கொண்டு இருக்கினம், செத்தவீடு மாதிரி. ட்ரோன் என்ர மூக்குக்கு மேல வந்து நிக்குது, நிர்மலன் அண்ணை படம் எடுக்கிறார். அப்பா நல்ல சப்பாத்தோட சேத்துக்குள்ளால விறுவிறெண்டு வாறார். வந்து என்னைத் தூக்கி விட்டவர், வெண்டது தோத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ தனிய நிண்டனீ, நான் கண்ணால கண்டனான், கமராவிலயும் கிடக்கு, இதை நான் சும்மா விடமாட்டன், இப்பவே அவன்ர தாயோட கதைக்கிறன் எண்டு சத்தம் போடுறார். கண் சிவந்து போய்க் கிடக்கு. ஜேர்மனியில அந்த வான் வண்டிக்குள்ள இருந்து பாத்த அதே பார்வையாத்தான் இருந்திருக்கும்.

அதுக்குள்ள றூபன் வந்திட்டான். அங்க எல்லாரும் கட்டிப் பிடிச்சுக் குதிக்கினம், அவன் இஞ்ச வந்து நிக்கிறான். அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். நான் அவருக்கு முன்னாலயே கேட்டன், தனிய நிண்டனானோ எண்டு.

"ஓம்," எண்டான் றூபன். "நல்லாத் தனிய நிண்டனீ. ஆனா நீ அவங்கள் ரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனதால ஒலு உன்னிலும் தனிய நிண்டவன்."

அப்பா திரும்பினார். அப்பிடியெண்டா என்ர பிள்ளையைக் கண்டிட்டும் குடுக்கேல்லையோ எண்டு கேட்டார். றூபன் ஓம் அங்கிள் எண்டான், தலையைக் குனியாமல் சொன்னான். அங்கால எமில்டா அன்ரி எழும்பி நிண்டு, வீட்டை வா உனக்கு இருக்கு எண்ட மாதிரி அவனுக்கு விரலைக் காட்டுறா. தாயையும் பாத்திட்டு, அப்பாவையும் பாத்திட்டு அவன் அசையாமல் நிண்டான். அப்பாவுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கோவமும் வருகுது, கெஞ்சவும் வேணும் போல கிடக்கு. கடைசியில சின்னக் குரலில கேட்டார், அப்ப மேல் பிரிவில முதல் மச்சிலயாவது இவனுக்கு எறிவியோ தம்பி எண்டு.

"தெரியாது அங்கிள். அண்டைக்கு ஆர் தனிய நிக்கிறானோ அவனுக்கு."

அப்பா என்னைப் பாத்தார், இவன் சொல்லுறதைக் கேட்டனீயோ எண்ட மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அடக்கிப் பாத்தன், ஏலேல்லை. சேறு வாய்க்குள்ள போகப் போகச் சிரிச்சன், றூபனின்ர கழுத்தைக் கட்டிப் பிடிச்சுச் சிரிச்சன், அவனும் சிரிக்கத் தொடங்கிட்டான். அப்பாவுக்கு விசர் வந்திட்டுது. பந்தும் இல்லை, அதுக்குள்ள சிரிப்பு வேற எண்டு பேசிக்கொண்டு சப்பாத்துச் சேத்தைப் புல்லில தேய்ச்சார். ஓமப்பா, பந்து இல்லை எண்டு சொன்னன். அண்டைக்கு அந்த மைதானத்தில என்னைப் போலச் சந்தோசமா ஒருத்தனும் நிக்கேல்லை, ஒலு கூட இல்லை.